பழைய பாடம் எங்கே போனது?

கேள்வி: எனக்குக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். கள்ளக்குறிச்சியில் தங்கிக் கல்லூரியில் படித்தபோது, 2024 ஜூலையில் ஸ்வயம் என்ற இணையக் கல்வித் தளத்தில் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங்' என்ற பைத்தான் பாடத்தில் சேர்ந்தேன். ஒன்பது வாரம் முடித்தேன், தேர்வுக்குப் போக முடியவில்லை. இப்போது வேலைக்காக அதைத் திரும்பப் படிக்க வேண்டும். தேடினால் புதுப் பாடம்தான் வருகிறது. நான் எழுதிய அசைன்மென்ட் எதுவும் அதில் இல்லை. பழையதை அழித்துவிட்டார்களா? ஊரில் டவரும் சரியாகக் கிடைப்பதில்லை.
– ஒரு வாசகி

பதில்: அழிக்கவில்லை, பயப்படாதீர்கள். நீங்கள் பார்த்தது அதே பாடத்தின் அடுத்த சுற்று. ஸ்வயத்தில் என்பிடெல் என்ற அமைப்பு நடத்தும் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும். பெயரும் ஆசிரியரும் அதேதான் என்றாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் தனிப் பக்கம், தனிக் குறியீடு. 'என்ஓசி' என்ற மூன்றெழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், துறைக்கு இரண்டெழுத்து, பிறகு வரிசை எண் என்று அது வரும். உங்களுடையதில் 24 இருக்க வேண்டும். ஆகவே தேடுபெட்டியை விட்டுவிட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து 'மை கோர்சஸ்' பகுதியைத் திறங்கள். சேர்ந்த பாடங்கள் அங்கேதான் இருக்கும்.

அங்கும் இல்லையென்றால், நீங்கள் வேறொரு மின்னஞ்சலில் நுழைந்திருக்கிறீர்கள் என்பதே என் முதல் சந்தேகம். மலையிலிருந்து இறங்கிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு ஜிமெயில் திறந்து கொடுத்திருப்பார்கள்; பாஸ்வேர்டு அவர்களுக்குத்தான் தெரியும். அல்லது கல்லூரி கொடுத்த மின்னஞ்சலில் சேர்ந்திருப்பார்கள். படிப்பு முடிந்ததும் கல்லூரியில் அதை மூடிவிடுவார்கள். கஷ்டப்பட்டுப் படித்ததெல்லாம் அந்தப் பூட்டுக்குள் போய்விடுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அதனால் உங்களிடம் உள்ள ஒவ்வொரு மின்னஞ்சலிலும் ஆங்கிலத்தில் 'என்பிடெல்' என்று தட்டித் தேடுங்கள். சேர்ந்தபோது வந்த கடிதம் எதில் கிடைக்கிறதோ அதுதான் உங்கள் கணக்கு. அதிலுள்ள இணைப்பை அழுத்தினால் பழைய பக்கத்துக்கே போகலாம். கல்லூரி மின்னஞ்சல் என்றால், துறைத் தலைவரைப் பார்த்து அதைக் கொஞ்ச நாளைக்குத் திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய பக்கத்தில் படிக்கலாம், ஆனால் கெடு முடிந்த அசைன்மென்ட்டுக்கு இனி மதிப்பெண் கிடைக்காது. சான்றிதழ் வேண்டுமென்றால் புதுச் சுற்றில் சேர்ந்து அசைன்மென்ட்டை முதலிலிருந்து எழுதுங்கள். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்ட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், நேரடித் தேர்வுக்கு 75. முதலாவதில் 10, இரண்டாவதில் 30 எடுத்தாக வேண்டும்.

படித்தால் போதும், சான்றிதழ் வேண்டாம் என்றால் கணக்கே தேவையில்லை. ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல், தன் சொந்தத் தளத்தில் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. வீடியோக்களையும், ஆசிரியர் பேசியதை அப்படியே எழுத்தாக்கிய பிடிஎஃப்களையும் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். பல பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. உங்கள் பாடத்துக்கு இருக்கிறதா என்று அதே பக்கத்தில் பாருங்கள். அடுத்த முறை கள்ளக்குறிச்சிக்கோ சின்னசேலத்துக்கோ இறங்கும்போது முதலில் பிடிஎஃப்களை எடுத்துவிடுங்கள், அவை சிறிய கோப்புகள். மீதி டேட்டாவில், விட்டுப்போன பத்தாவது வாரத்திலிருந்து வீடியோக்களை இறக்குங்கள்.