கத்தி படாத பிணப் பரிசோதனை

1991ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரிய - இத்தாலிய எல்லையையொட்டிய ஆல்ப்ஸ் மலையில், சுமார் 3,210 மீட்டர் உயரத்தில், உருகிய பனியினின்று ஒரு மனித உடல் வெளிப்பட்டது. வழி தவறி இறந்த மலையேறி என்றே முதலில் எண்ணினர். ஆராய்ந்ததில், அவன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன் எனத் தெரிந்தது! ‘ஓட்சி’ என்று பெயரிட்டனர்.

அவன் எவ்வாறு இறந்தான்? அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்பீர்கள். அறுத்ததை மீண்டும் பழையபடி ஆக்க முடியுமா? உறைந்த உடலை நெடுநேரம் உருகவிட்டால் கெட்டும் போகும். அறுக்காமலே உள்ளே பார்க்க வேண்டும்.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் ஒரு நிழலே. இன்றிரவு விளக்கின் முன் இரு கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிச் சுவரைப் பாருங்கள். எந்தக் கை முன்னால் இருக்கிறதென்று நிழலைக் கொண்டு சொல்ல இயலாது. சி.டி. கருவியிலோ, கதிர்க்குழாய் உடலைச் சுற்றி வந்து பற்பல கோணங்களில் அளக்கிறது. கணிப்பொறி அவ்வுடலை மிகச் சிறு கனசதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று கணக்கிட்டு ஓர் எண் தருகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கெட்டியான எலும்புக்கு 1000க்கும் மேல். இந்த எண்களைப் படமாக்குவது வரைகலையின் வேலை. ‘300க்குக் குறைந்தவற்றையெல்லாம் கண்ணாடி போலாக்கு’ என்று கட்டளையிட்டால் தசை மறைந்து எலும்புக்கூடு நிற்கும். அதைத் திருப்பலாம், பிளக்கலாம், மறுபடி சேர்க்கலாம். உடலில் ஒரு கீறலும் விழாது.

2001இல் ஓட்சியின் இடத் தோளுக்குள் ஒரு கல் அம்புமுனை எக்ஸ் கதிரில் தென்பட்டது. பத்தாண்டுகளாக எவர் கண்ணிலும் படாதது அது! 2005இல் எடுத்த நுட்பமான சி.டி. படங்கள், காறை எலும்பின் கீழுள்ள தமனியின் பின்சுவர் கிழிந்திருப்பதைக் காட்டின. பின்னாலிருந்து எய்த அம்பு. இரத்தம் கொட்டி விரைவில் இறந்திருக்கிறான்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்துச் சட்ட மருத்துவ அறிஞர்கள் இம்முறையை நம் காலத்து மரணங்களுக்கும் பயன்படுத்தி, ‘விர்டாப்சி’ எனப் பெயரிட்டனர். சி.டி.யோடு காந்த ஒத்ததிர்வுப் படமும் எடுப்பர். உடலின் மேற்பரப்பையும் முப்பரிமாணத்தில் அளப்பர். விபத்தில் இறந்தவரின் காயத்தையும், ஐயத்துக்குரிய வாகனத்தின் முன்பகுதியையும் திரையில் பொருத்திப் பார்க்கலாம். முப்பரிமாணக் கண்ணாடி அணிந்தால், அந்தக் காட்சிக்குள்ளேயே நின்று சுற்றிப் பார்க்கவும் முடியும்.

இனிக் கத்திக்கே வேலையில்லை என்று சிலர் எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வயிற்றிலுள்ளது சோறா, நஞ்சு கலந்த சோறா என்று அந்த எண்கள் சொல்லமாட்டா. அதற்கு ஊசியையேனும் உள்ளே செலுத்தி மாதிரி எடுத்து, சோதனைச் சாலைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டும்.