மாணவர் எழுத்தும் உரிமையும்

முதுகலைத் தமிழ் வகுப்பில் நாட்டார் வழக்காற்றியலைக் கற்பித்துவரும் நான், மாணவர் மதிப்பெண்ணுக்காக எழுதித் தரும் அசைன்மெண்டுகளுள் நல்லனவற்றை யாவரும் படிக்கும்படி இணையத்தில் வெளியிடுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். முகப்புத் தாளில் கல்லூரி முத்திரையைப் பெரிதாகவும், பேராசிரியர் பெயரைப் பட்டங்கள் சகிதமாகவும் அச்சிட்டு, தம் பெயரைப் பதிவெண்ணுக்கு அருகில் சிறிய எழுத்தில் ஒதுக்கிவைக்கும் நம் பிள்ளைகள், வெளியிடலாமா என்று கேட்டால், "உங்களிடம் கொடுத்தாயிற்றே, இனி ஐயா இஷ்டம்" என்று விநயமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால், 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். அதற்குப் பதிவுகூடக் கட்டாயமன்று. சம்பளத்துக்குப் பணிபுரிவோர் பணியின் நிமித்தம் எழுதுவது முதலாளியைச் சேரும் என்னும் விதி, கட்டணம் செலுத்திப் படிக்கும் மாணவரைத் தொடுவதில்லை.

ஆகையால் சம்மதத்தை எழுத்து மூலமாகவே பெறுகிறேன். அதுவும் மதிப்பெண் வெளியான பிறகுதான். மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஆசிரியர் கேட்பதற்குச் சம்மதம் என்று பெயரிட எனக்கு மனம் வருவதில்லை. கட்டுரைகளை வெளியிடுவதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தை விளக்குகையில், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம் என்பதோடு நிறுத்தாமல், அதன்படி எடுத்துக்கொண்டவரிடமிருந்து அநுமதியைப் பின்னர் மீட்க இயலாது என்பதையும், வணிகத்தைத் தடுக்காத வகையாயின் எவரேனும் அச்சிட்டு விற்றாலும் பங்கு கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிடுவேன். இதைக் கேட்டுப் பின்வாங்குவோர் உண்டு. அவர்கள் கட்டுரை என் அலமாரியோடு நிற்கும். ஆய்வுப் பட்டத்துக்குச் செல்ல விரும்புவோர்க்கு இன்னொரு வார்த்தை: வெளியான தேதியைக் குறித்து வையுங்கள்; பிற்காலத்தில் ஆய்வேட்டைச் சோதிக்கும் மென்பொருள் உங்கள் எழுத்தையே திருட்டு என்று காட்டக்கூடும்.

இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய படங்களை, அவற்றுக்கும் திறந்த உரிமம் இருந்தாலன்றி, நீக்கச் சொல்லிவிடுவேன். உள்ளூர் ஐயனாரைச் செல்போனில் எடுத்தாலே போதுமே!

கள ஆய்வில் பாடியவர்களின் சங்கதி இவ்வளவு சுலபமன்று. பழம்பாட்டு ஊருக்குப் பொதுவென்றாலும், பாடுவோர் சொந்தமாகச் சேர்க்கும் அடிகள் அவர்களுடையவையல்லவா? மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் கேட்டெழுதிய தாலாட்டை வெளியிடுமுன், முழுவதையும் அந்த அம்மாளிடம் படித்துக்காட்டி வரச் சொன்னேன். தம் பெயரைப் போடச் சந்தோஷமாக இசைந்த அவர், மாமன் சீர் கொண்டுவராததைப் பாடிய அடிகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னாராம். அந்த மாமன் அடுத்த தெருவில்தான் இருக்கிறாராம்.