மொட்டைமாடித் தேனீப்பெட்டி: கூட்டம் பிரிந்தால் பதறாதீர்கள்!

பங்குனி, சித்திரையில் சிட்லபாக்கம், செம்பாக்கம் பக்கம் வேம்பும் புங்கமும் பூத்துக் கிடக்கும். அந்தச் சமயத்தில்தான், நேற்றுவரை ஒழுங்காக இருந்த பெட்டியிலிருந்து பாதித் தேனீக்கள் திடீரென்று கிளம்பி, பக்கத்து வீட்டு முருங்கையில் கொத்தாகத் தொங்கும். முதல் பெட்டி வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. இது நோயல்ல. கூட்டம் பெருத்து இடம் போதாதபோது, பழைய ராணி ஒரு பங்கு வேலைக்காரத் தேனீக்களோடு வெளியேறும். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். தொங்கும் இடத்தில் காக்க அடையோ குஞ்சோ இல்லை. அதனால், சீண்டாதவரை பெரும்பாலும் கொட்டாது.

2. முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே தேனீக்களும் மூடிய ராணி அறைகளும் இருந்தால், கூட்டம் பிரிந்திருக்கிறது. அடை காலியாகக் கிடந்தால் மொத்தமும் ஓடிவிட்டது என்று பொருள். அதற்குக் காரணம் எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, வெயில், பட்டினி இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அடிக்கடி பெட்டியைத் திறந்து பார்ப்பதும் ஒரு காரணம்.

3. அறிகுறி முன்பே தெரியும். ஆண் தேனீ அறைகள் பெருகும். நம் நாட்டுத் தேனீயில் அவற்றின் மூடியின் நடுவே ஊசி குத்தியதுபோல் ஒரு துளை இருக்கும். பிறகு அடையின் கீழ் விளிம்பில், நிலக்கடலை போல ராணி அறைகள் தலைகீழாகத் தொங்கும். அறையின் நுனி பழுப்பாகத் தெரிந்தால், புது ராணி வெளிவரும் நேரம் நெருங்கிவிட்டது.

4. ராணி அறைகளைக் கிள்ளி எறிந்தால் போதும் என்பார்கள். இடநெருக்கடி தீராவிட்டால் மறுபடி கட்டும். பழைய ராணியைக் குஞ்சு அடை, தேன் அடை, தேனீக்களோடு சேர்த்து வேறொரு பெட்டிக்கு மாற்றுங்கள். தாய்ப்பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். கூட்டம் தானாகப் பிரிவதற்குள் நாமே பிரிப்பதுதான் சிறந்த வழி.

5. தொங்கும் கூட்டத்தைப் பிடிக்க, லேசாகத் தண்ணீர் தெளித்து, கூடையைக் கீழே பிடித்துக் கிளையை ஒரே உலுக்காக உலுக்குங்கள். ராணி விழுந்துவிட்டால் மற்றவை பின்தொடரும். அந்தி சாய்ந்ததும் பெட்டிக்கு மாற்றுங்கள். தாய்ப்பெட்டியிலிருந்து ஒரு குஞ்சு அடையை எடுத்து உள்ளே வைத்தால், புது வீட்டை விட்டுப் போக மனம் வராது. வாசலில் ராணித் தடுப்பைச் சில நாள் வைக்கலாம். பின்னால் பிரியும் சிறு கூட்டமென்றால் வைக்கக் கூடாது. அதிலிருக்கும் கன்னி ராணி இணைசேர வெளியே பறந்தாக வேண்டும்.

6. தாமதிக்காதீர்கள். மார்ட்டின் லிண்டாவர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர், தொங்கும் கூட்டத்தின்மேல் ஆடிய தேனீக்களின் உடம்பில் கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்ததைக் கவனித்தார். அவை வீடு தேடிப் போய்வந்த ஒற்றர்கள். இடம் முடிவானதும் கூட்டம் பறந்துவிடும். அதற்குச் சில மணி நேரமே ஆகலாம்.

7. பெட்டிக்கு மாற்றிய கூட்டத்துக்குச் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சி, ஆறவைத்து மாலையில் கொடுங்கள். சிந்தினால் எறும்பு வரும். பெட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

8. மாலையில் கொசுப்புகை வண்டி வரும் நாளை முன்பே கேட்டுவையுங்கள். அந்தப் புகையில் பூச்சிக்கொல்லி இருக்கிறது. தேனீக்கள் அடைந்தபின் வாசலைக் கம்பிவலையால் மூடி, ஈரத்துணி போர்த்துங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

9. கொட்டினால் தேய்க்காமல் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். மூச்சு திணறினாலோ முகம் வீங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.

10. அக்கம்பக்கத்தாருக்கு இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முருங்கையில் தொங்கும் கூட்டத்துக்குத் தீப்பந்தமோ ஸ்பிரேயோ வேண்டாம், உங்களுக்கு ஒரு போன் செய்தால் போதும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.