கூலிக்கு வாங்கிய கதவு எண்

“ஊர் ஊரா சுத்துறவனுக்கு லைசென்ஸ் தர மாட்டாங்களாம் மேடம். ஓசூர்ல சொந்தமா ஒரு அட்ரஸ் இருக்கணுமாம்.”

தேன்கனிக்கோட்டையில் வக்கீலாகவும் நோட்டரியாகவும் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைக் கேட்காமல் ஒரு மாதம் போவதில்லை. சொல்பவர் ஜேசிபி ஓட்டுகிறவராக இருப்பார். கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறவராக இருப்பார். சிப்காட்டில் ஆறு மாத கான்ட்ராக்ட் முடிந்து அடுத்த கம்பெனிக்குப் பெட்டியைத் தூக்குகிற பையனாக இருப்பார். ஆள் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. பேச்சின் கடைசியில் ஒரு வால் தொங்கும்: “ஏஜென்ட் ஒருத்தர் அட்ரஸ் போட்டுத் தர்றேன்னு சொல்றார். எடுத்துக்கலாமா?”

எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் சொன்னது பொய். கடைசியில் கேட்டது குற்றம். இரண்டுக்கும் பணம் கட்டுவதும், பின்னால் மாட்டிக்கொள்வதும் சுற்றித் திரிந்து பிழைக்கிற இந்தப் பிள்ளைகள்தான். அதனால்தான் கோபம் வருகிறது.

போன மழைக்காலத்தில் ஒருவர் வந்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்த ஊர்; போர்வெல் லாரி ஓட்டுகிறார். வருடத்தில் முக்கால்வாசி நாள் ராய்ச்சூர், அனந்தப்பூர் என்று வண்டியோடு போய், வண்டியிலேயே படுத்து எழுகிறவர். தளி பக்கம் நான்கு மாதம் வேலை இருந்தபோது யாரோ ஓசூர் அட்ரஸில் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். ஓரம் வெளுத்த அட்டை, அதில் ஒரு கதவு எண், ஒரு நகர் பெயர்.

“இந்த வீடு எங்கப்பா இருக்கு?”

“தெரியாதுங்க மேடம். நான் அங்க போனதே இல்ல.”

லைசென்ஸ் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. இதற்கு முன் ஒரு முறை புதுப்பித்து அட்டையை வாங்கிக் கொடுத்த அந்த ஆளை இப்போது காணவில்லை, போன் எடுப்பதில்லை. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் லைசென்ஸும் ஆர்.சி.யும் கவுன்டரில் கையில் தரப்படுவதில்லை. விரைவு அஞ்சலில்தான் போகும். எங்கே போகும்? அட்டையில் இருக்கிற முகவரிக்குப் போகும். அந்தக் கதவைத் திறக்கிறவருக்கு இவர் யாரென்றே தெரியாது. தபால்காரர் என்ன செய்வார்? ஆள் இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அட்ரஸை வாங்கிவிட்டோம் என்று நினைத்தாரே, அவர் வாங்கியது நான்கு சுவருக்கு வெளியே ஒட்டியிருந்த எண்ணை மட்டும்தான்.

இனி சட்டத்துக்கு வருவோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 9ஆம் பிரிவை யாராவது ஒருமுறை முழுதாகப் படித்திருந்தால் இந்த வதந்தி பிறந்தே இருக்காது. லைசென்ஸுக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று அது சொல்கிறது: நீங்கள் வழக்கமாக வசிக்கிற மாநிலத்தில், அல்லது தொழில் நடத்துகிற மாநிலத்தில், அல்லது வண்டி ஓட்டக் கற்றுக்கொண்ட பயிற்சிப் பள்ளி இருக்கிற மாநிலத்தில். மூன்று வாசல். சொந்த வீடு என்ற சொல் அதில் எங்குமே கிடையாது. நிரந்தரமாக என்ற சொல்லும் கிடையாது. முன்பு அந்தந்த வட்டார அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தது. 2019 திருத்தம் அதையும் தளர்த்தி, மாநிலத்துக்குள் எந்த உரிம அதிகாரியிடமும் போகலாம் என்று ஆக்கிவிட்டது. கர்நாடகத்தின் ஆனேக்கலில் குடியிருந்து ஓசூரில் பூ வியாபாரம் நடத்துகிறவருக்கு இரண்டு மாநிலத்திலும் வாசல் திறந்திருக்கிறது. அவரைப் போய், நீ எந்த ஊர்க்காரன் என்று விரட்டுவதில் அர்த்தமில்லை.

எங்கே விண்ணப்பிக்கலாம் என்பது வேறு. அட்டையில் எந்த முகவரி ஏறும் என்பது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதித் தொல்லை. இரண்டாவதற்கு 1989 மத்திய விதிகளில் 4ஆம் விதி இருக்கிறது. வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட், எல்.ஐ.சி. பாலிசி என்று ஒரு வரிசை. அந்த வரிசையின் கீழே ஒரு விலக்கு உண்டு, அதை யாரும் படிப்பதில்லை: போதிய காரணத்தால் இவற்றில் எதையும் காட்ட முடியாதவரிடம், நோட்டரி முன்னிலையிலோ மாஜிஸ்திரேட் முன்னிலையிலோ எடுத்த பிரமாணப் பத்திரத்தை அதிகாரி ஏற்றுக்கொள்ளலாம். ‘ஏற்றுக்கொள்ளலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘ஏற்க வேண்டும்’ என்று இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் வண்டியிலேயே வாழ்கிறவருக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அது பொய் அட்ரஸ் வழியாகப் போகவில்லை.

‘வழக்கமாக வசிப்பது’ என்றால் என்ன? கவுன்டரில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். நான் ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். ஜாகிர் கௌர், ஜஸ்வந்த் சிங் வழக்கில் 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கணவர் ஆப்பிரிக்காவில் வேலை. விடுப்பில் சொந்த ஊருக்கு வந்து தங்கிப் போகிறவர். மனைவி ஜீவனாம்சம் கேட்டபோது, நான் அங்கே வசிக்கவே இல்லையே என்றார். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. வசிப்பது என்றால் நிரந்தரக் குடியிருப்பு மட்டுமல்ல, தற்காலிகமாகத் தங்குவதும் அதில் அடங்கும். போகிற போக்கில் தலைகாட்டிவிட்டுப் போவதுதான் அடங்காது என்றது. அது ஜீவனாம்ச வழக்குதான், லைசென்ஸ் வழக்கல்ல. ஆனால் ராய்ச்சூரில் துளை போட்டுவிட்டுப் பொங்கலுக்கும் ஆடிக்கும் அம்மா வீட்டுக்கு வருகிற என் போர்வெல்காரருக்கும் அந்த ஆப்பிரிக்காக்காரருக்கும் என்ன வித்தியாசம்? சொந்த ஊர் வீடு அவருடைய முகவரிதான். அதை எழுதுவதில் கூச்சமே வேண்டாம். விண்ணப்பப் படிவத்திலும் நிரந்தர முகவரிக்கு ஓர் இடம், இப்போது தங்கியிருக்கும் முகவரிக்கு ஓர் இடம் என்று தனித்தனியாகவே கேட்கிறார்கள்.

பொய் முகவரி போட்டால் என்ன ஆகிவிடும், எத்தனை பேர் போடுகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பாருங்கள். மோசடி செய்தோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கிய லைசென்ஸை அதிகாரி ரத்து செய்யலாம், ஓட்டவே தகுதியில்லை என்றும் ஆக்கலாம். கதவு எண் பொய் என்பதற்காக அட்டை அந்த நிமிடமே செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது எப்போது செத்துப்போகும் என்பது இனி உங்கள் கையில் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

விபத்து வழக்குகளில் இதன் வலியை நான் பார்த்திருக்கிறேன். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மோதல் என்று வையுங்கள். நஷ்டஈட்டு மனு போட்டால் ஓட்டுநருக்கு நோட்டீஸ் லைசென்ஸில் இருக்கும் முகவரிக்குப் போகும். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வரும். பிறகு அவர் இல்லாமலே வழக்கு நடக்கும்; தப்பு எதிரே வந்தவர் மேல் என்று சொல்ல அவர் அங்கே இருக்க மாட்டார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதல் வேலையாகக் கையில் எடுப்பது லைசென்ஸைத்தான். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லை, அதில் உரிமையாளரின் அசட்டையும் உண்டு என்று நிரூபணமானால், அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் 2004 ஸ்வரண் சிங் தீர்ப்பு அதற்கு வழி விட்டிருக்கிறது. ஓனர் என்ன செய்வார்? தன்னிடம் வசூலித்ததை ஓட்டுநரின் தலையில் கட்டப் பார்ப்பார். ஏஜென்டுக்குக் கொடுத்த சில ஆயிரத்துக்கு இதுதான் வட்டி.

கவுன்டரில் முடியாது என்று சொன்னால் திரும்பி வந்து டீக்கடையில் புலம்பாதீர்கள். லைசென்ஸ் தர மறுத்தால், காரணத்தை எழுதி உத்தரவாகத் தர வேண்டும் என்கிறது 17ஆம் பிரிவு. அந்த உத்தரவின் மேல் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. வாயால் சொன்ன ‘முடியாது’வுக்கு மேல்முறையீடு கிடையாது. “எழுதிக் கொடுங்க சார்” என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்கிற குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

மற்ற கதைகளைச் சீக்கிரமே முடித்துவிடலாம்.

கர்நாடக லைசென்ஸ் அத்திப்பள்ளி தாண்டினால் செல்லாது என்கிறார்கள். இந்தியாவில் எந்த மாநிலம் தந்த லைசென்ஸும் நாடு முழுக்கச் செல்லும், 13ஆம் பிரிவு. எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமமும் அப்படியே.

வீடு மாறி 30 நாளில் முகவரி மாற்றாவிட்டால் லைசென்ஸ் போய்விடும் என்கிறார்கள். அந்த 30 நாள் வண்டியின் ஆர்.சி.க்கு, 49ஆம் பிரிவில் இருக்கிறது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்பதும் வண்டிக்குத்தான். வண்டி விதியை எடுத்து ஆளின் தலையில் கட்டாதீர்கள். பிஎச் நம்பர் பிளேட் இருந்தால் லைசென்ஸுக்கு முகவரி வேண்டாமா என்று ஒரு பையன் கேட்டான். அதுவும் வண்டி சமாச்சாரம்தான், தம்பி.

சொந்த ஊர் ஆபீஸுக்குப் போனால்தான் புதுப்பிக்க முடியும் என்பதும் தப்பு. எந்த உரிம அதிகாரியும் புதுப்பிக்கலாம் என்றுதான் 15ஆம் பிரிவு ஆரம்பிக்கிறது. ஆனால் தேதியில் அசட்டையாக இருக்காதீர்கள். கனரக வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை வரும்; காலாவதியாகி ஒரு வருடம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற வேண்டும். முன்பு இருந்த 30 நாள் சலுகையையும் 2019 திருத்தம் எடுத்துவிட்டது. அந்தப் போர்வெல்காரருக்கு எட்டு மாதம்தான் ஆகியிருந்ததால் தப்பினார். அம்மாவின் வீட்டு முகவரிக்கு மாற்றிப் புதுப்பிக்க விண்ணப்பித்தார். அட்டையை வாங்க அம்மா வீட்டில் இருந்தார்.

போனில் காட்டினால் போலீஸ் ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் இருக்கிற லைசென்ஸ் அட்டைக்குச் சமம். ஊர் சுற்றுகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலையே இதுதான். அட்டை பெட்டியில் கிடக்கட்டும்.

ஆதார் முகவரிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. ஆதார் வழியாக ஆன்லைனில் எல்.எல்.ஆர். போட்டால் ஆதாரில் இருக்கிற முகவரிதான் ஏறும். ஒடிசாவிலோ பீகாரிலோ ஆதார் வைத்துக்கொண்டு கெலமங்கலத்தில் ரூம் எடுத்திருக்கிறவர்கள், முதலில் ஆதாரைச் சரிசெய்வதா அல்லது ஊர் முகவரியையே வைத்துக்கொள்வதா என்று தீர்மானித்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். 2023 முதல் குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு அவர் முகவரிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்று உண்டு, இங்கேயும் கேட்டுவிடுகிறேன். தேர்தல் ஆணையம் வீடற்றவரையும் வாக்காளராகச் சேர்க்கிறது. காகிதம் எதுவும் இல்லாவிட்டால், அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று ஊழியர் இரவில் போய்ப் பார்த்து வர வேண்டும் என்று வைத்திருக்கிறது. பார்த்துச் சேர்த்தபின் அந்த வாக்காளர் பட்டியலே லைசென்ஸுக்கு முகவரிச் சான்று. படுக்கிற இடத்தை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், வண்டியிலேயே ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு இரவு தங்கிய ரசீதையும் தபால் வாங்கித் தரும் நிறுவனத்தின் முகவரியையும் வைத்துப் பல வருடமாக லைசென்ஸ் எடுத்திருக்கிறார்கள். நம்மிடம் அதைவிட நம்பகமான ஒன்று இருக்கிறது: அஞ்சலகம். ஆள் நேரில் வந்து அடையாளம் காட்டி வாங்கிக்கொள்ளக் கடிதத்தை வைத்திருக்கும் ‘போஸ்ட் ரெஸ்டான்ட்’ ஏற்பாடு அஞ்சல் துறையில் வெகுகாலமாக உண்டு. போக்குவரத்துத் துறை ஒரு உத்தரவு போட்டால் போதும்: முகவரி சொந்த ஊருடையதாக இருக்கட்டும், அட்டை மட்டும் விண்ணப்பதாரர் கேட்கிற அஞ்சலகத்துக்குப் போகட்டும். தேன்கனிக்கோட்டை அஞ்சலகமோ, தளியோ, அஞ்செட்டியோ. குவாரியிலிருந்து ஞாயிறு சந்தைக்கு வருகிற பையன் திங்கள் காலை ஒரு மணி நேரம் காத்திருந்து, முகத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வான். ஓசூரில் யாரோ ஒருவர் வீட்டுக் கதவு எண்ணைக் கூலிக்கு விடுகிற ஆளுக்கு அன்றோடு வேலை போய்விடும். இந்தக் கோரிக்கையை எழுதி மாவட்ட மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்க விரும்புகிறவர்கள் வாருங்கள். மனு எழுதித் தருவதற்கு நான் காசு வாங்க மாட்டேன்.