அரிட்டாபட்டி தரும் பாடம்

பொருளை முதல், கரு, உரி என மூவகையாகப் பகுத்த தொல்காப்பியம், கருப்பொருள் வரிசையில் மக்களின் உணவோடும் தொழிலோடும் விலங்கு, மரம், பறவை ஆகியவற்றையும் சேர்த்தே வைத்தது. வகுப்பறையில் நாம் கற்பிக்கும் இவ்விலக்கணம் வாழ்வில் எங்ஙனம் பொருள்படுகிறது என்பதை மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் காணலாம்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் அமைந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தளமாக அறிவித்தது. அங்குள்ள ஏழு குன்றுகளில் விழும் மழைநீரே 72 ஏரிகளுக்கும் 200 இயற்கைச் சுனைகளுக்கும் ஆதாரம். லகுடு வல்லூறு, இராசாளிப் பருந்து உள்ளிட்ட ஏறத்தாழ 250 வகைப் பறவைகளும், அழுங்கு, தேவாங்கு, மலைப்பாம்பு ஆகியனவும் அங்கு வாழ்கின்றன. குன்று அழியின் பறவை மட்டுமன்று, உழவும் அழியும்.

அவ்வச்சம் விரைவிலேயே நேர்ந்தது. 2024 நவம்பரில் ஏல முடிவு வெளியான நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதியினுள் இம்மரபுத் தளமும் அடங்கியிருந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9இல் சட்டமன்றமும் தீர்மானித்தது. 2025 சனவரி 7இல் மக்கள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். சனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

இதிலிருந்து இளைஞர் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தம் ஊரின் உயிரினங்களைப் பெயர் சொல்லி அறிதல். மற்றொன்று, அவற்றிற்காகச் சபையில் எழுந்து பேசுதல். அறிவு இல்லாத தலைமை வெற்று முழக்கமாகும். தலைமை இல்லாத அறிவு ஏட்டிலேயே உறங்கும். 1991இல் தான்சானியாவில் 12 மாணவருடன் ஜேன் குடால் தொடங்கிய இளைஞர் இயக்கமும் இவ்விரண்டையும் இணைத்தே வளர்ந்தது.

வழியும் நம்மிடமே உள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வகை செய்கிறது. ஊர் முதியோரிடம் செடி, பறவைகளின் வழக்குப் பெயர்களைக் கேட்டு எழுதித் தருவதற்குத் தமிழ் மாணவரினும் தகுதியுடையார் யார்? மேலும், வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினரே. பதினெட்டு வயது நிறைந்த மாணவருக்கும் அங்கு இடமுண்டு.

ஆதலின் விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் ஒரு குறிப்பேட்டுடன் செல்லட்டும்; பெரியோர் தாம் அறிந்த பெயர்களை வாரி வழங்கட்டும். பெயர் மறந்தபின் அப்பெயருக்கு உரியதைக் காத்தல் அரிது.