சங்குப்பூத் தண்ணீரும் ஆரத்தித் தட்டும்

ஈப்போவில் எங்கள் தாமான் வேலியோரம் சங்குப்பூ தானாகப் படர்ந்து கிடக்கிறது. கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கு நீலம் ஏற்றும் அதே பூதான். மழைநாளில் கைப்பேசியைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளையை எதில் உட்கார வைப்பது என்று தவிப்பவர்களுக்கு அந்த வேலியே போதும். இந்தச் சின்னச் சோதனைகளை நாலு வயதிலிருந்தே செய்யலாம்.

முதலில் பத்துப் பூக்களைப் பறித்து, காம்போடு ஒட்டிய பச்சையைக் கிள்ளிவிடச் சொல்லுங்கள். ஒரு கப் சுடுதண்ணீரை நீங்களே ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் நீலம் இறங்கிவிடும். பூவை அள்ளிப் போட்டால் தண்ணீர் கறுத்துப்போய் நிறம் மாறுவதே தெரியாது. அடர்த்தியாக வந்துவிட்டால் தண்ணீர் கலந்து வெளுப்பாக்குங்கள்.

ஆறியதும் மூன்று கண்ணாடி டம்ளர்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒன்றைத் தொடவேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். இரண்டாவதில் லீமாவ் கஸ்தூரியைச் சொட்டுச் சொட்டாகப் பிழியுங்கள். அவசரம் கூடாது. சொட்டு விழுந்த இடத்தில் ஊதா நூல் ஒன்று பிரிந்து கீழே இறங்கும். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது அந்த நூலைத்தான். மூன்றாவதில் கால் தேக்கரண்டி சமையல் சோடா: நீலம் பச்சைப் பக்கம் சாயும். புளிப்புக்கு ஒரு நிறம், காரத்துக்கு ஒரு நிறம் என்று சொன்னால் போதும். கடைசியில் தட்டின் மேல் வைத்து ஊதாவைப் பச்சையில் ஊற்றுங்கள், நுரைத்துப் பொங்கும். சோடா கலந்ததைக் குடிக்க விடாதீர்கள்.

அடுத்தது மஞ்சள். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பிள்ளைகள் கல்யாணவீட்டில் பார்த்திருப்பார்கள். கல்லுமலைக் கோயில் குகையிலிருந்து தம்புன் வரை சுண்ணாம்புக் குன்று சூழ்ந்த ஊர் நம்முடையது. ஆனாலும் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சள்தூளைக் கரைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவையுங்கள். சோடாத் தண்ணீரில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பேர் எழுதச் சொல்லுங்கள். எழுத்து செங்கல் நிறத்தில் எழும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் மறுபடி மஞ்சள்தான்.

கடைசிச் சோதனையில் நிறம் இல்லை, ஆனால் விடமுடியவில்லை. அரை கப் வெதுவெதுப்பான பசும்பாலில் இரண்டு எலுமிச்சை பிழிந்து அசையாமல் வையுங்கள். வெள்ளை திரண்டு, தெளிந்த நீர் தனியாகப் பிரியும். ரப்பர் தோட்டத்தில் மரத்துப் பாலையும் இதேபோல் ஃபார்மிக் அமிலம் ஊற்றித்தான் உறையவைத்தார்கள். தோட்டத்தில் இருந்த பெரியவர் வீட்டில் இருந்தால் கப்பை அவரிடம் நீட்டுங்கள். எங்கள் தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா, மங்குல ஆசிட் ஊத்திட்டியா?" என்றார். அன்று மீதி மழைக்கு அவர்தான் பாடம் எடுத்தார்.