ஆட்சிகள் மாறிய நகரில் ஒரு நாள்

கடந்த டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து திரும்பிய என் சித்தப்பா, கிள்ளானிலுள்ள தாத்தா வீட்டில் ஸ்திராஸ்பூர்க் நகரப் படங்களைக் காட்டினார். பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் எல்லையாக ஓடும் ரைன் ஆற்றங்கரையில் அந்நகரம் உள்ளது. 1871இல் அது ஜெர்மனி வசமானது. 1918இல் பிரான்சிடம் திரும்பியது. 1940இல் மறுபடியும் ஜெர்மனி. 1944இல் மீண்டும் பிரான்சு.

“அங்கே பிறந்த ஒருவர், வீடு மாறாமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார்,” என்றார் சித்தப்பா. இன்று அது பிரெஞ்சு நகரம். ஆனாலும், ஜெர்மானியரைப் போலவே புளிக்க வைத்த முட்டைக்கோசை இறைச்சியோடு பரிமாறுகிறார்களாம்.

“அப்படி ஓர் ஊரைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!” என்றேன்.

அப்பா சிரித்தார். “ஏன் இல்லை? இரண்டு மணி நேரப் பயணம்தான். சனிக்கிழமை போகலாம்.”

அவர் சொன்னது மலாக்காவை. நான் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டேன். தொடக்கப்பள்ளிச் சுற்றுலாவிலேயே பார்த்த ஊர் அல்லவா!

சனிக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்சிலிருந்து புறப்பட்டு, தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் பேருந்து ஏறினோம். வழியில் அப்பா ஆண்டுகளை விரல்விட்டு எண்ணினார். 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். 1641இல் டச்சுக்காரர் அவர்களை விரட்டினர். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்த ஒப்பந்தம், நீரிணையின் நடுவே கோடு கிழித்ததைப் போல, இந்தப் பக்கத்தை ஆங்கிலேயருக்கும் சுமத்ராப் பக்கத்தை டச்சுக்காரருக்கும் ஒதுக்கியது. “இன்றைய மலேசிய, இந்தோனேசிய எல்லைக்கு அதுவே அடிப்படை. மலாக்காவும் எல்லை நகரந்தான்,” என்றார்.

செந்நிற டச்சுக் கட்டடங்களைச் சுற்றி வழக்கமான கூட்டம். மூன்று சக்கர மிதிவண்டிகளின் பாட்டுச் சத்தம் காதைத் துளைத்தது. 1753இல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயத்தையும், போர்த்துகீசியர் கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒற்றை வாயிலையும் பார்த்துவிட்டு, ஊஜோங் பாசிரிலுள்ள போர்த்துகீசியர் குடியிருப்புக்குச் சென்றோம்.

அங்கே ‘டெபல்’ கறி உண்டோம். நம் கோழிக்கறி போலத் தோன்றினாலும், காடியும் கடுகும் சேர்ந்த காரம் அது. மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தேன். “நீ சாப்பிடும் மேசையும் அவர்கள் தந்ததுதான்,” என்றார் அப்பா. எனக்குப் புரியவில்லை. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி ஆகியவை போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் என விளக்கினார். கடை, கப்பல், கட்டில் ஆகிய நம் சொற்களும் மலாய்க்குச் சென்று ‘கெடாய்’, ‘காப்பால்’, ‘காத்தில்’ ஆகியிருக்கின்றன.

பிற்பகலில் துக்காங் எமாஸ் சாலையிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயிலை வணங்கினோம். டச்சு ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில், 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய கோயில் அது. அந்த வட்டாரத்திலேயே பழைய பள்ளிவாசலும் சீனக் கோயிலும் இருக்கின்றன.

கோயிலைக் கட்டிய சமூகத்தார் காஜா பெராங்கிலுள்ள செட்டி கிராமத்தில் வாழ்கின்றனர். அங்கே அப்பாவுடன் பணிபுரியும் நண்பரின் வீட்டிற்குச் சென்றோம். கெபாயா அணிந்து, நெற்றியில் திருநீறு பூசிய பாட்டி எங்களை வரவேற்றார்.

“வணக்கம், பாட்டி. நலமாக இருக்கிறீர்களா?” என்றேன்.

அவர் புன்னகைத்து, மலாயில் பதில் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. சுல்தான்கள் காலத்தில் வாணிகம் செய்ய வந்த தமிழர்கள், இங்குள்ள பெண்களை மணந்து குடியேறினர். காலப்போக்கில் வீட்டு மொழி மலாய் ஆனது. சமயம் மாறவில்லை. சமையலில் இரண்டும் கலந்தன. பாட்டி பரிமாறிய தேங்காய்ப்பால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள, பெலாச்சான் மணக்கும் வெள்ளரிக்காய்ச் சம்பல் இருந்தது. குழம்பின் வாசனையோ என் அம்மாவின் மசாலைப் பொடியை நினைவூட்டியது. மூதாதையருக்கு வாழையிலையில் படைப்பதும் இத்தகைய உணவுதான் என்றார்.

நாங்கள் கொண்டுசென்ற புத்தாண்டுத் தமிழ் நாட்காட்டியைப் பாட்டி ஆவலோடு புரட்டினார். ஜனவரித் தாளில் ஓரிடத்தைத் தொட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று மலாயில் கேட்டார்.

“போகி,” என்று படித்தேன்.

“போகி!” என்றார் அவரும், எங்களைப் போலவே தெளிவாக. பொங்கலுக்கு முதல் நாள் முன்னோருக்குப் படைக்கும் சடங்கை அவர்கள் ‘போகி பர்ச்சு’ என்கிறார்கள். எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த சொல்லை எழுத்தில் காண்பது இதுவே முதல்முறையாம்.

எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. வீட்டில் அம்மா தமிழில் கேட்டால், பாதி நேரம் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவன் நான்.

பாட்டி ஒரு தாளும் பேனாவும் எடுத்து வந்தார். நான் பெரிதாக எழுதிக் காட்டினேன். அதைப் பார்த்து அவர் எழுதியபோது முதலில் ‘ப’வைப் போட்டுவிட்டார். “இல்லை, பாட்டி. இரட்டைக்கொம்புதான் முன்னால் வரும்,” என்று மலாயில் சொன்னேன். அவர் அடித்துவிட்டு மறுபடியும் எழுதத் தொடங்கினார். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா அழைத்தார். பாட்டி தலை நிமிரவில்லை. “அடுத்து, பொங்கல்,” என்றார்.